பேர் வெச்ச கோழிகளைக் கலந்து வளர்க்கலாமா?

கேள்வி இதுதான்: திண்டுக்கல் பக்கம் சொந்த வீடு, பின்னாடி நாலு சென்ட் காலியா கிடக்கு. சிறுவிடை, பெருவிடை (நாட்டுக்கோழியில சின்ன ஜாதி, பெரிய ஜாதி), கருங்கோழி, கின்னிக்கோழி, வான்கோழின்னு வகைக்கு ஒண்ணு ரெண்டா வாங்கி விட்டு, பசங்க எல்லாத்துக்கும் பேர் வெச்சு வளர்க்கணும்னு ஆசைப்படறாங்க. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுமா, தினம் எவ்வளவு வேலை இருக்கும், பேர் வெச்ச கோழியை நாளைக்கு அடிக்க மனசு வருமா?

தாராபுரம் பக்கம் எங்க புறக்கடையில இப்படித்தான் கலந்து ஓடுது, அதனால எழுதறேன். ஒத்துப்போகும். ஆனா உங்க பட்டியல்ல ரெண்டை அடிச்சிடுங்க: வான்கோழி, பெருவிடைச் சேவல். வேலை காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி. மூணாவது கேள்விக்குக் கடைசில வர்றேன்.

வான்கோழி ஏன் வேண்டாம்னா, அது சண்டைக்காரன்ங்கறதால இல்லை. நாட்டுக்கோழி குடல்ல ஒரு சின்னப் புழு இருக்கும். அந்தப் புழுவோட முட்டைக்குள்ள ஒரு நுண்ணுயிரி ஒட்டிக்கிட்டு மண்ணுக்கு வரும். அதைக் கோழி தின்னா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அதே மண்ணுல மேயற வான்கோழிக்கு ஈரல் புண்ணாகி, எச்சம் கந்தக மஞ்சளாப் போய், மளமளன்னு செத்துப்போகும். கோழி பார்க்க நல்லாத்தான் இருக்கும், அதனால எங்கிருந்து வந்ததுன்னே தெரியாது. வான்கோழி வளர்க்கணும்னா அதுக்குன்னு தனி இடம் வேணும். நாலு சென்ட்ல அது நடக்காது.

பெருவிடைச் சேவல் விஷயம் வேற. நல்ல கீரி நிறச் சேவல் ஒண்ணு வாசல்ல நின்னா அழகுதான், மறுக்கலை. ஆனா அது நாலு கிலோவுக்கு மேல போகும். சிறுவிடைப் பெட்டை ஒண்ணே கால் கிலோ இருந்தா அதிகம். அந்தச் சேவல் மிதிக்கும்போது பெட்டையோட முதுகுல இறகு போறதோட நிக்காது, கால் முள்ளு விலாவைக் கிழிச்சுடும். பெட்டைகளும் லேசுப்பட்டதில்லை. மத்த கோழி ரெண்டு கொத்து வாங்கினா ஒதுங்கிப் போயிடும், பெருவிடைப் பெட்டை ஒதுங்காது. பல தலைமுறையா ‘பின்வாங்காம நிக்கறது’ங்கற ஒரே குணத்துக்காகவே பொறுக்கி எடுத்த ஜாதி அது. பெருவிடை ஆசைன்னா அதை மட்டும் வளருங்க. கலந்து வளர்க்கறதுக்குச் சிறுவிடைச் சேவல் ஒண்ணு போதும். எட்டு பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல்ங்கறது கணக்கு. நாலு பெட்டைக்கு ரெண்டு சேவல் விட்டீங்கன்னா பெட்டை எதுக்கும் முதுகுல இறகு மிஞ்சாது.

இப்ப எங்க கூட்டத்தைச் சொன்னா உங்களுக்கு ஒரு யோசனை கிடைக்கும். பொன்னாத்தாதான் பெரியவ. செங்கறுப்புச் சிறுவிடை. பன்னிரண்டு பதினஞ்சு முட்டை வெச்சதும் அடைக்கு உட்கார்ந்துடுவா, வருஷத்துக்கு அம்பது அறுபது முட்டைக்கு மேல எதிர்பார்க்க முடியாது. ஆனா எந்த முட்டையை வெச்சாலும் பொரிச்சுக் கொடுப்பா. அடுத்தவ மைனா, கருங்கோழி. மத்தியப் பிரதேசத்துல ஜாபுவாவோட ஜாதி, 2018ல புவிசார் குறியீடு வாங்கினது. அவளுக்கு அடை புத்தி சுத்தமாக் கிடையாது, அவ முட்டையும் பொன்னாத்தா வயித்துக்கு அடியிலதான் பொரியும். (கருங்கோழி முட்டை கறுப்பா இருக்கும்னு சொல்லி யாராவது வித்தா வாங்காதீங்க. கறியும் தோலும்தான் கறுப்பு, முட்டை வெளிர் பழுப்பு.) மொட்டை, கழுத்தறுத்தான் ஜாதி. கழுத்துல இறகு இல்லாததால வெயிலைத் தாங்கறதுல அவளை மிஞ்ச ஆளில்லை, மே மாசம் மத்ததெல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டு நிழல்ல கிடக்கும்போது இவ மட்டும் குப்பைமேட்டைக் கிளறிக்கிட்டிருப்பா. சரவெடி, கின்னிப் பெட்டை. பேரே காரணப் பேர்தான்.

இட்லிங்கறவ வெள்ளை லேயர், முட்டைக்காகவே பண்ணையில வளர்க்கற ஜாதி. நாமக்கல் பக்கம் பண்ணைகள்ல ஒன்றரை வருஷம் கூண்டுல முட்டை வெச்சு முடிஞ்ச கோழிகளைக் கழிச்சு விப்பாங்க, அந்த மாதிரி வந்தவ. வந்த புதுசுல மண்ணுல கால் வைக்கவே பயம், கிளறத் தெரியலை, பரண் மேல ஏறத் தெரியலை. பொன்னாத்தா கிளறின குழிக்குப் பக்கத்துல நின்னு ஒரு கண்ணால குழியைப் பார்ப்பா, தலையைத் திருப்பி இன்னொரு கண்ணால பார்ப்பா. அப்புறம் ஒரு காலைத் தூக்கி, எங்கே வைக்கிறதுன்னு தெரியாம அப்படியே நிப்பா. கொஞ்ச நாள்ல கத்துக்கிட்டா. இந்த மாதிரிக் கோழிக்கு மூக்கு நுனியை வெட்டியிருப்பாங்க, தரையில தூவின குருணையைப் பொறுக்க முடியாது. தட்டுல ஆழமாக் கொட்டி வைக்கணும், இல்லேன்னா மத்ததுக்கு நடுவுல பட்டினி கிடந்துடும்.

கின்னி பத்தி ஒரு வார்த்தை. பாம்பு, கீரி, புது ஆள்னு எதைப் பார்த்தாலும் ஊரைக் கூட்டும், அதுக்காகவே ஒண்ணு ரெண்டு வெச்சுக்கலாம். ஆனா ஒண்ணும் இல்லாதப்பவும் கூட்டும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி இருந்தா யோசிங்க. பெருசா வாங்கி விட்டா ராத்திரி மரத்துல போய் அடையும், கூண்டுக்கு வராது. முட்டையா வாங்கிச் சிறுவிடைக்கு அடை வெச்சு, குஞ்சா அவ பின்னாடி வளர்ந்தா கூண்டுப் பழக்கம் வந்துடும். கோழி முட்டைக்கு 21 நாள், கின்னிக்கு 26-லிருந்து 28 நாள். ரெண்டையும் ஒரே அடையில கலந்து வெச்சா கோழிக்குஞ்சு பொரிஞ்சதும் தாய் எழுந்து போயிடும், கின்னி முட்டை அப்படியே கெட்டுப்போகும்.

அடுத்தது சண்டை. கோழிக்கூட்டத்துல யாருக்கு யார் மேலன்னு ஒரு வரிசை இருக்கும். நார்வே நாட்டுக்காரர் ஷெல்டெருப்-எப்பேன்னு ஒருத்தர் சின்ன வயசுலேர்ந்து கோழிகளையே பார்த்துக் குறிச்சு வெச்சு, 1921ல இதை ஆராய்ச்சியா எழுதினார். யார் யாரைக் கொத்தலாம், யார் யார்கிட்ட கொத்து வாங்கணும்னு ஒவ்வொண்ணுக்கும் தெரியும்னார். ஒவ்வொரு கோழியையும் தனித்தனியா அடையாளம் தெரியாம இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. சேவல் கூவறதுலயும் இதே கதைதான். 2015ல ஜப்பான்காரங்க பார்த்துச் சொன்னாங்க, விடியக்காலைல கூட்டத்துல பெரிய சேவல்தான் முதல்ல கூவும், மத்தது அந்தஸ்துப்படி அடுத்தடுத்துக் கூவும்னு.

உங்களுக்கு இதுல தெரிய வேண்டியது, வரிசை அமைஞ்சுட்டா சண்டை குறைஞ்சுடும், புது ஆள் வந்தா வரிசை கலையும்ங்கறதுதான். அதனால ஒண்ணொண்ணா வாங்கிச் சேர்க்காதீங்க. சேர்த்தா ரெண்டா சேருங்க, அடி பங்காகும். சந்தையில வாங்கினதா இருந்தா நேரா கூட்டத்துல விடவே கூடாது. பதினஞ்சு இருபது நாள் தள்ளி வெச்சு, கழிச்சல் சளி ஏதும் இல்லைன்னு பார்த்துட்டு, அப்புறம் வலைக்கு அந்தப்பக்கம் ஒரு வாரம் பார்த்துப் பழகட்டும். ஒருநாள் ராத்திரி எல்லாம் அடைஞ்சதுக்கு அப்புறம் புதுசைத் தூக்கிப் பரண்ல வெச்சிடுங்க. காலைல எழுந்து ரெண்டு கொத்து கொத்தும், ஓடும், முடிஞ்சுது. தண்ணிச் சட்டியும் தீனித்தட்டும் ரெண்டு ரெண்டு இடத்துல இருக்கட்டும், இல்லேன்னா கடைசி வரிசைக்காரி தாகத்தோடவே சுத்துவா. ரத்தம் மட்டும் கசிய விடாதீங்க. சிவப்பைப் பார்த்துட்டா நல்ல கோழியும் வந்து கொத்தும். அடிபட்டதை உடனே பஞ்சாரத்துல கவுத்து, மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைச்சுத் தடவி, ஆறின பிறகு விடுங்க.

இனி தினசரி. காலைல கூண்டு திறக்கிற அஞ்சு நிமிஷம்தான் நாள் பூராவும் முக்கியமான நேரம். கையில போனை வெச்சுக்காதீங்க. யார் முதல்ல குதிக்கறாங்க, யார் கடைசில வர்றாங்கன்னு பாருங்க. வரிசை தினமும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கும். முதல்ல வர்ற பொன்னாத்தா ஒருநாள் கடைசில வந்தா, றெக்கையைத் தொங்கவிட்டு ஓரமா நின்னா, ஏதோ இருக்குன்னு அர்த்தம். கோழி நோயைக் கடைசி வரைக்கும் மறைக்கும். கொத்து வாங்கக் கூடாதே. ‘பன்னிரண்டு இருக்கா, இருக்கு’ன்னு எண்ணிட்டுப் போறவருக்கு அது செத்த அன்னிக்குத்தான் தெரியும். பேர் வெச்சுக் கூப்பிடறவருக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சுடும். பேர் வைக்கிறதைப் பசங்க விளையாட்டுன்னு விட்டுடாதீங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

அடுத்துப் பரணுக்குக் கீழே எச்சத்தைப் பாருங்க. சாம்பல், பழுப்பு நிறத்துல உருண்டையா, மேல வெள்ளை பூசின மாதிரி இருந்தா சரி. நடுநடுவுல கொழகொழன்னு பழுப்பா நாத்தத்தோட ஒண்ணு போடும், அதுவும் சகஜம்தான், பதறாதீங்க. வெள்ளையும் பச்சையுமாத் தண்ணியாப் போனா வெள்ளைக்கழிச்சலா இருக்கலாம். குஞ்சுகள் எச்சத்துல ரத்தம் கண்டா ரத்தக்கழிச்சல். அதுக்கு உடனே மருந்து வாங்கித் தண்ணியில கலந்து கொடுத்தாக் காப்பாத்திடலாம். அடிமண் ஈரமா இருந்தாத்தான் அது அதிகமா வரும்.

சந்தேகப்பட்ட கோழியோட இறைப்பையைத் தொட்டுப் பாருங்க. கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு வலப்பக்கமா இருக்கும். சாயங்காலம் அடையும்போது இறுக்கமா நிறைஞ்சிருக்கணும், காலைல காலியாத் தொளதொளன்னு இருக்கணும். சாயங்காலம் காலின்னா மேயலை, இல்லேன்னா மத்தது மேயவிடலை. காலைலயும் கல்லு மாதிரி இருந்தா உள்ளே ஏதோ அடைச்சிருக்கு. நார், பிளாஸ்டிக் கயிறு, நீளமான காய்ஞ்ச புல்லு. பசங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்க, பெரியவங்களைவிட நல்லாக் கண்டுபிடிப்பாங்க.

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பு மட்டும்தான். 1926ல இங்கிலாந்து நியூகாசில்ல கண்ட நோய், அதே காலத்துல நம்ம நாட்டு மலையூர் ராணிகேத்துலயும் கண்டதால இங்கே ராணிகேத் நோய்ங்கற பேர் நின்னுடுச்சு. குஞ்சு பொரிஞ்ச ஏழாம் நாள் கண்ணுல மூக்குல சொட்டு, எட்டாவது வாரம் றெக்கையில ஊசி. வெயில் ஏற ஏறத்தான் இது கிளம்பும்ங்கறதால கால்நடைத் துறை மாசி வாக்குல ஊர் ஊரா முகாம் போட்டு இலவசமாப் போடும், விடாதீங்க. முகாமைத் தவறவிட்டா ஒரு சின்னச் சிக்கல் இருக்கு: மருந்துக் குப்பி அம்பது, நூறு கோழி அளவுக்குத்தான் வரும், கரைச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். உங்க பத்துக் கோழிக்கு அதை உடைக்க மாட்டாங்க. அக்கம்பக்கம் கோழி வெச்சிருக்கறவங்களைச் சேர்த்துக்கிட்டு மருந்தகத்துக்குப் போங்க. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்லதான் கொண்டுவரணும். செத்த கோழியைச் சாக்கடையில வீசாம சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைச்சிடுங்க.

தீனியிலதான் கலப்புக் கூட்டத்துல ஒரு நுணுக்கம் இருக்கு. முட்டைக்கோழித் தீவனத்துல சுண்ணாம்புச்சத்து அதிகம். அதையே குஞ்சும் சேவலும் தினமும் தின்னா சிறுநீரகம் கெட்டுப்போகும். எல்லாத்துக்கும் தனித்தட்டு வைக்கவும் முடியாது, எல்லாம் எல்லாத்தையும் தின்னும். அதனால பொதுவா வளர் பருவத் தீவனத்தைக் கம்பு, சோளம், குருணையோட கலந்து போட்டுட்டு, கிளிஞ்சலை நொறுக்கி ஒரு ஓட்டுல தனியா வெச்சிடுங்க. முட்டை வைக்கிறது தானாப் போய்ப் பொறுக்கிக்கும், சேவல் திரும்பிக்கூடப் பார்க்காது. நாட்டுக்கோழிக்கு மேய்ச்சல் போக அறுபது எழுபது கிராம் போதும், இட்லி மாதிரி லேயருக்கு நூறு நூத்திப்பத்து வேணும். பூஞ்சணம் பிடிச்ச கடலைப்புண்ணாக்கு, மக்காச்சோளம் பக்கமே போகாதீங்க, ஈரலைத் தின்னுடும். குஞ்சுகளுக்குக் கரையான் மாதிரி தீனி இல்லை. பழைய பானையில காய்ஞ்ச சாணி, சாக்குத் துணி, ஓலை அடைச்சு, தண்ணி தெளிச்சு, சாயங்காலம் கரையான் புத்துப் பக்கமாக் கவுத்து வெச்சா காலைல பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சு முன்னாடி தட்டினா நிமிஷத்துல காலி. வெயில் கொளுத்தறதுக்கு முன்னாடி கொடுத்துடணும், அவ்வளவுதான்.

தண்ணியை மறக்கற வீடுதான் அதிகம். கோழிக்கு வேர்க்காது. உடம்புச் சூடே நம்ம காய்ச்சல் அளவைத் தாண்டி 41 டிகிரி இருக்கும். மே மாசம் மண்சட்டியில ரெண்டு தடவை தண்ணி மாத்துங்க, மத்தியானம் மோர் கொஞ்சம். சாம்பலும் மணலும் வேப்பிலைத் தூளும் கலந்து நிழல்ல ஒரு குழி வெச்சா மண்ணுல புரண்டு பேன், செள்ளைத் தானே பார்த்துக்கும்.

ராத்திரி எதிரி கீரி, மரநாய், பாம்பு. பகல்ல பருந்து, வல்லூறு, குஞ்சுக்குக் காக்கா. கோழிவலைன்னு கடையில விக்கிற அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கத்தான், கீரியை வெளியே வைக்க இல்லை. ஓட்டை அரை அங்குலத்துக்கு மேல இல்லாத பத்தவெச்ச கம்பிவலை போட்டு, அடியில ஒரு அடி மண்ணுக்குள்ள இறக்குங்க. குஞ்சு திரியற நாள்ல மேல பழைய மீன்வலையைக் கட்டிடுங்க. பரண்ல தலைக்கு முக்கால் அடி இடம் போதும். முட்டை வைக்க நாலஞ்சு கோழிக்கு ஒரு மண் தொட்டி கணக்கு, ஆனா எத்தனை வெச்சாலும் எல்லாரும் ஒரே தொட்டிக்குத்தான் கேறிக்கிட்டு வரிசையில நிப்பாங்க.

பேர் விஷயத்துல சில யோசனை. ஊர்ல ஏற்கனவே நிறத்தை வெச்சுக் காகம், கீரி, மயில், ஆந்தை, வல்லூறுன்னுதான் சேவலைக் கூப்பிடறாங்க, பெட்டையைச் செவலை, கருப்பி, புள்ளின்னு. பசங்களுக்கு அது போதாது, மீனாட்சி வேணும்பாங்க. ஏழெட்டு வாரம் ஆகட்டும்னு சொல்லுங்க, அதுக்குள்ள கொண்டை சிவந்து ஆணா பெண்ணான்னு தெரிஞ்சுடும். இல்லேன்னா ஒரு நாள் மீனாட்சி கூரை மேல ஏறிக் கூவும். ஒரே மாதிரிக் கறுப்புக் குஞ்சு நாலு இருந்தா கால்ல கலர் வளையம் போடுங்க. வளர வளரத் தளர்த்தி விடணும், மறந்தா கால்ல பதிஞ்சுடும். ஒரு நோட்டுல பேர், பொரிஞ்ச தேதி, ஊசி, குடல்புழு மருந்து, அடைக்கு உட்கார்ந்த நாள், இவ்வளவு எழுதினாப் போதும். புழு மருந்தை மூணு மாசத்துக்கு ஒரு தடவை மருத்துவர் சொன்ன அளவுல கொடுங்க.

இப்ப அந்த மூணாவது கேள்வி. பேர் வெச்ச கோழியை அந்த வீட்டுலயே அடிச்சுக் குழம்பு வெச்சு, பசங்க தட்டுல போட்டுட்டு ‘சாப்பிடு’ன்னு சொல்றது எனக்கு உடன்பாடில்லை. ஒளிச்சு வெச்சுப் போடறது அதைவிட மோசம். எண்ணத் தெரிஞ்ச பிள்ளைங்க, கண்டுபிடிச்சுடும். ஆனா பொரியற குஞ்சுல ஏறக்குறைய பாதி சேவலாத்தான் இருக்கும், எல்லாத்தையும் வெச்சுக்கவும் முடியாது. அதனால ஆரம்பத்துலயே முடிவு பண்ணிடுங்க: பெட்டைக்கும் கூட்டத்துச் சேவல் ஒண்ணுக்கும்தான் பேர். மத்த சேவக்குஞ்சுக்குப் பேர் கிடையாது, அது விக்க, இல்லேன்னா கறிக்கு. இதைப் பசங்ககிட்ட முதல் அடை வைக்கும்போதே வெளிப்படையாச் சொல்லிடுங்க. எங்க பக்கம் சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலை இப்படித்தான் வெச்சிருப்பாங்க, எதுக்காக வளருதுன்னு வீட்டுல சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் தெரியும், அதனால சண்டை வராது. முட்டை நின்ன பெட்டையை என்ன பண்றதுன்னா, பொன்னாத்தா மாதிரி அடைக்கு உதவறவளை வெச்சுக்குங்க. ஒரு வயசான கோழி தின்னற தீனி பெரிய செலவில்லை.

ஊருக்குப் போறது பத்தியும் சொல்லிடறேன், எல்லாரும் மறக்கறது இது. ஒருநாள்னா தண்ணியும் தீனியும் கூட வெச்சுட்டுப் போகலாம், ஆனா சாயங்காலம் கூண்டு சாத்த ஆள் இல்லாமப் போகாதீங்க. ரெண்டு நாளுக்கு மேலன்னா பக்கத்து வீட்டுல சொல்லி, அந்த நாள் முட்டை அவங்களுக்குன்னு பேசி வெச்சுக்குங்க. நோட்டையும் கொடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் பேரைப் படிச்சுச் சரிபார்த்துட்டுச் சாத்தச் சொல்லுங்க. சரவெடி மட்டும் கூரை மேல இருப்பா, அவளைக் கீழே இறக்க ஒரு கைப்பிடி கம்புத் தானியம் போதும்.